சிலம்பின் வழக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைகளும்

முன்னுரை

தமிழ்க் காப்பியங்களுள் ஒரு குற்ற வழக்கையே உயிர்நாடியாகக் கொண்டு அமைந்தது சிலப்பதிகாரம். ஆட்சியில் பிழை செய்தாரை அறமே தண்டிக்கும் என்பது அக்காப்பியம் உணர்த்தும் மூன்று உண்மைகளுள் முதலாவதாகும். மாணவர் பலரும் வழக்குரை காதையைக் கண்ணகியின் சொல்வன்மைக்காகவே பயில்கின்றனர். தேர்வு வினாக்களும் பெரும்பாலும் அவ்வாறே அமைகின்றன. ஆயின் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவன் கோவலன். தன் வழக்கில் அவன் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. உரைப்பதற்கு அவனுக்கு வாய்ப்பே அளிக்கப்படவில்லை. தீர்ப்பளித்த மன்னன் அவன் முகத்தைக் கூடக் கண்டதில்லை.

குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவனுக்குச் சட்டம் ஏன் உரிமைகளை வழங்க வேண்டும் என்ற வினா இன்றும் பொதுமக்களிடையே எழுகின்றது. அவ்வினாவிற்குரிய விடையைக் கோவலன் வழக்கிலிருந்து தொடங்கி, நம் நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவலன் வழக்கில் நேர்ந்த பிழைகள்

கொலைக்களக் காதையைச் சட்ட நோக்கில் படிப்பார்க்கு ஐந்து பிழைகள் புலப்படும்.

முதலாவது, குற்றஞ்சாட்டியவனே கள்வன். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், தன்மேல் ஐயம் எழுமுன் பழியைப் புதியவன் ஒருவன்மேல் ஏற்றுகின்றான். தன்னலம் உடைய ஒருவனின் சொல்லைத் தவிர வேறு சான்று எதுவும் கேட்கப்படவில்லை.

இரண்டாவது, ஒரு பொருள் கையில் இருந்தமையே களவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அது எவ்வாறு வந்தது, யாருடையது என்ற வினா எழவில்லை.

மூன்றாவது, ஆணை பிறந்த சூழல். அரசியின் ஊடலைத் தணிக்கும் எண்ணத்தோடு விரைந்து செல்லும் வழியில், ஆராயும் மனநிலை இல்லாத வேளையில், மன்னன் கட்டளையிடுகின்றான்.

நான்காவது, ஐயம் எழுந்தும் அது மதிக்கப்படவில்லை. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமாக இல்லை என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ கள்வர் கையாளும் தந்திரங்களை விரித்துரைத்து அத்தயக்கத்தைப் போக்குகின்றான். கள்வர்கள் பொதுவாக எத்தகையவர் என்ற பேச்சு, இவன் கள்வனா என்ற கேள்வியை விழுங்கிவிடுகின்றது. இறுதியில் கல்வியறிவற்ற குடியன் ஒருவனின் வாள் வழக்கை முடித்துவிடுகின்றது.

ஐந்தாவது, சான்று சோதிக்கப்பட்டது தண்டனைக்குப் பின்னர். ஒரு சிலம்பின் பரல் மாணிக்கம், மற்றதன் பரல் முத்து. சிலம்பை உடைத்துப் பார்க்கச் சில நொடிகளே தேவைப்பட்டன. அந்தச் சில நொடிகள் கோவலன் உயிருடன் இருந்தபோது செலவிடப்படவில்லை.

பாண்டியன் கொடியவன் அல்லன் என்பதை நாம் மறத்தல் ஆகாது. தன் பிழையை உணர்ந்த கணமே உயிர்நீத்த மானமுடையவன் அவன். அவனிடம் இல்லாதது நல்லுள்ளம் அன்று, நடைமுறை. நல்லவர் ஒருவர் நீதியின் இருக்கையில் அமர்ந்திருப்பது மட்டும் போதாது, அவரையும் கட்டுப்படுத்தும் முறை ஒன்று வேண்டும் என்பதே சிலம்பு கற்பிக்கும் சட்டப் பாடமாகும்.

நடைமுறையும் நேர்மையான நடைமுறையும்

இந்திய அரசியலமைப்பின் 20, 21, 22 ஆகிய உறுப்புகள் இம்முறையின் அடித்தளமாக அமைந்தவை. செய்தபோது குற்றமாக இல்லாத ஒன்றிற்குப் பின்னாளில் தண்டனை இல்லை. ஒரே குற்றத்திற்கு இருமுறை தண்டனை இல்லை. தனக்கெதிராகத் தானே சான்றளிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்துதல் இல்லை. இம்மூன்றும் 20ஆம் உறுப்பில் உள்ளன. கைதுக்கான காரணத்தை அறிதல், தாம் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்தாலோசித்தல், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்தப்படுதல் ஆகியன 22ஆம் உறுப்பில் அடங்கும். சட்டம் வகுத்த நடைமுறையின்படியன்றி எவருடைய உயிரையும் தனிமனித உரிமையையும் பறித்தல் ஆகாது என்பது 21ஆம் உறுப்பு.

சட்டம் வகுத்த நடைமுறை என்பது எத்தகைய நடைமுறையாகவும் இருக்கலாமா? 1950இல், சென்னை மாகாணத்தில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் இவ்வினாவை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். சட்டமன்றம் இயற்றிய நடைமுறை ஒன்று இருந்தால் போதும், அது நேர்மையானதா என்பதை நீதிமன்றம் ஆராயாது என்பதே அன்று பெரும்பான்மை நீதிபதிகள் அளித்த விடை. 28 ஆண்டுகளுக்குப் பின், 1978இல், மேனகா காந்தி வழக்கில் அந்நிலை மாறியது. நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும், மனம்போன போக்கில் அமைதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. கட்டளையிடும் அதிகாரம் பாண்டியனுக்கும் இருந்தது. கேட்டறிந்தபின் கட்டளையிட்டானா என்பதே வினா. அவ்வினாவை இந்தியச் சட்டம் 1978 முதல் உறுதியாகக் கேட்டு வருகின்றது.

கைதும் அதன் மொழியும்

கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்யும் தேவை இருப்பது வேறு. காசியாபாத் நகரின் இளம் வழக்குரைஞர் ஒருவர் தொடர்பான 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தியது. 1996 டிசம்பர் 18இல் வழங்கப்பட்ட டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பு 11 கட்டளைகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெரியும் அடையாளம் அணிதல் வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதப்பட்டு, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புடையவர் ஒருவரோ அதில் சான்றொப்பமிடுதல் வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி அறிவித்தல் வேண்டும். காவலில் உள்ளவரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் சோதித்தல் வேண்டும். ஏழாண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது இயல்பான நடவடிக்கையாக ஆகிவிடக் கூடாது என்பதை 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு வலியுறுத்தியது.

மொழி பயில்வோர் சிறப்பாகக் கருதத்தக்க தீர்ப்பு ஒன்றுண்டு. தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட ஒருவருக்கு, அவர் அறியாத ஆங்கிலத்தில் காரணங்கள் எழுதித் தரப்பட்டன; காவல் அலுவலர் வாய்மொழியாக அவற்றைப் பெயர்த்துச் சொன்னார். அது போதாது, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாக அளித்தல் வேண்டும் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் பங்கஜ் பன்சால் வழக்கில், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாவோர்க்குக் காரணம் எழுத்தில் தரப்படுதல் வேண்டும் என்றாயிற்று. 2025 நவம்பரில், எல்லாக் குற்றங்களுக்கும் கைதுக்கான காரணம் எழுத்தில், கைதானவர் அறிந்த மொழியில் தரப்படுதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மேலும் விரித்துரைத்தது. தாய்மொழி என்பது இலக்கிய இன்பத்திற்கு மட்டும் உரியதன்று. உரிமையைக் காக்கும் கருவியுமாகும்.

மௌனம் காக்கும் உரிமை

காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்திலிருந்தே வரும் விதி. அச்சட்டத்திற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் இவ்விதி 23ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. அடியும் அச்சமும் வாயைத் திறக்கும். ஆனால் திறந்த வாயிலிருந்து உண்மைதான் வரும் என்பதற்கு உறுதி இல்லை. வலி நீங்க எதையும் ஒப்புக்கொள்வது மனித இயல்பு என்பதை உணர்ந்து இயற்றப்பட்ட விதி இது.

ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி தொடர்பான 1978ஆம் ஆண்டு வழக்கில், மௌன உரிமை நீதிமன்றத்தில் மட்டுமன்றிக் காவல் விசாரணையிலும் உண்டு என்று நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். உண்மை அறியும் மருந்து, பொய்யறியும் கருவி, மூளை அலைப் பதிவு ஆகிய சோதனைகளை ஒருவரின் இசைவின்றி நடத்துதல் ஆகாது என்று 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பாயிற்று. குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டுபவருக்கு உரியதே தவிர, தாம் குற்றமற்றவர் என மெய்ப்பிக்கும் சுமை சாட்டப்பட்டவருக்கு உரியதன்று என்பதே இவற்றின் பொதுக் கருத்து. வழக்காடுபவரே சான்று காட்டக் கடமைப்பட்டவர் என்பது இசுலாமியச் சட்டவியலின் அடிப்படை விதிகளுள்ளும் ஒன்றாகும். நீதியை எண்ணிப் பார்த்த சமுதாயங்கள் தனித்தனியே இம்முடிவுக்கு வந்துள்ளமை எண்ணத்தக்கது.

வழக்குரைஞர் துணை

வழக்குரைஞரை அமர்த்தப் பொருள் இல்லாதவரின் நிலை யாது? 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கில் பீகார்ச் சிறைகளின் நிலை வெளிப்பட்டது. தம்மீது சாட்டப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் விதிக்கப்படக்கூடிய மிகுதியான தண்டனையைவிட நீண்ட காலத்தை, விசாரணையே முடியாமல் சிறையில் கழித்தவர்கள் அங்கே இருந்தனர். விரைவான விசாரணையும் இலவசச் சட்ட உதவியும் 21ஆம் உறுப்பின் கூறுகள் என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. கேட்டால்தான் உதவி என்பதும் பொருந்தாது. அவ்வுரிமையை எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்று 1986இல் சுக்தாஸ் வழக்கு நிலைநாட்டியது. மும்பைத் தாக்குதலில் உயிருடன் பிடிபட்ட அஜ்மல் கசாப் வழக்கின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், கைதானவர் முதன்முறை நிறுத்தப்படும்போதே வழக்குரைஞர் உரிமையை நடுவர் அறிவித்தல் வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. அவருடைய மரண தண்டனையை உறுதிசெய்த அதே தீர்ப்பில் இக்கட்டளை இடம்பெற்றது என்பது கருதத்தக்கது.

தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. வழக்குரைஞர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே எழுந்த பூசலில், குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களுக்காக எவரும் வழக்காடக் கூடாது எனக் கோவை வழக்குரைஞர் சங்கம் தீர்மானம் இயற்றியிருந்தது. அத்தகைய தீர்மானங்கள் சட்டத்திற்கும் தொழிலறத்திற்கும் மாறானவை, செல்லாதவை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. உரிமை என்பது நமக்கு வேண்டியவர்க்கு மட்டும் உரியதன்று. காவலர் குற்றஞ்சாட்டப்பட்டாலும் அவருக்கும் உண்டு.

ஐயத்தின் பயன்

சான்றுகளால் இரு முடிவுகளுக்கு இடமிருக்குமாயின், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சார்பான முடிவையே ஏற்றல் வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டின் காளிராம் வழக்கு உரைத்த நெறி. நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்குகளில் பின்பற்ற வேண்டிய ஐந்து விதிகளை 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் நீதியரசர் பசல் அலி தொகுத்தளித்தார். சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் ஐயமற நிறுவப்படுதல் வேண்டும்; அவை அனைத்தும் ஒரு சங்கிலியாகப் பிணைந்து, குற்றம் செய்தவர் இவரே என்பதன்றி வேறு முடிவுக்கு இடம் தராதிருத்தல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். செய்திருக்கலாம் என்பது வேறு, செய்தார் என்பது வேறு. கையில் சிலம்பு இருந்தமையால் கோவலன் களவு செய்திருக்கலாம் என்று ஒருவர் எண்ணக்கூடும். செய்தான் என்று கூறும் சான்று ஒன்றும் இல்லை.

மேல்முறையீட்டின் இன்றியமையாமையை இராசீவ் காந்தி கொலை வழக்கு உணர்த்துகின்றது. 1998 சனவரியில் சிறப்பு நீதிமன்றம் 26 பேர்க்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அத்தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, எஞ்சிய 19 பேரையும் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்நால்வரின் மரண தண்டனையும் பின்னாளில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் அட்சர்தாம் தாக்குதல் வழக்கில் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்த அறுவரை 2014 மே 16இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது; அவர்களுள் மூவர் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர்கள். பாண்டியன் அவையில் மேல்முறையீடு இருந்தது. ஆனால் அது கண்ணகியின் கண்ணீராக, காலம் கடந்து வந்தது.

பிணையும் சிறையும்

பிணை இயல்பு, சிறை விலக்கு என்னும் நெறியை 1977இல் பால்சந்த் வழக்கில் கிருஷ்ணய்யர் வகுத்தார். அடுத்த ஆண்டில் மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கு வந்தது. அவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்ட நடுவர், சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அவரைப் பிணையாளராக ஏற்கவும் மறுத்தார். உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்த உறுதிப் பத்திரத்தையே ஏற்கச் செய்தது. வறுமை காரணமாக ஒருவர் சிறையில் இருத்தல் சட்டத்தின் நோக்கமன்று என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். கடுமையான சிறப்புச் சட்டங்களின்கீழ் உள்ளவருக்கும், விசாரணை நியாயமான காலத்தில் முடியாதபோது அரசியலமைப்பு நீதிமன்றங்கள் பிணை வழங்கலாம் என்று 2021இல் நஜீப் வழக்கு தெளிவாக்கியது.

எனினும் நெறிக்கும் நடப்புக்கும் இடைவெளி பெரிது. தேசியக் குற்றப் பதிவுகள் ஆணையத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வருள் மூவர் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறாதவர் என்பது இதன் பொருள். முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், உயர்ந்த அளவுத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் அவரைப் பிணையில் விடுவித்தல் வேண்டும் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு கூறுகின்றது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.

ஒருவன் குற்றமும் ஓர் இனத்தின் தண்டனையும்

இத்தனை உரிமைகளும் இருந்தால் குற்றவாளிகள் தப்பிவிட மாட்டார்களா, பாதிக்கப்பட்டவர்க்கு நீதி கிடைக்குமா என்று கேட்போர் உண்டு. இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் கோவலன் வெட்டுண்ட அந்நாளில் உண்மையான கள்வன் எங்கே இருந்தான்? அரண்மனையின் நம்பிக்கைக்கு உரியவனாக மதுரையில் உலவிக்கொண்டிருந்தான். தவறான ஒருவரைத் தண்டிக்கும்போது உண்மையான குற்றவாளிக்கு நாமே விடுதலை வழங்குகின்றோம். ஆகவே, குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை பாதிக்கப்பட்டவரின் உரிமைக்குப் பகையன்று; உண்மையைத் தேடும் வழியில் இரண்டும் துணையாவன.

காப்பியத்தின் மற்றொரு செய்தி பலராலும் கவனிக்கப்படுவதில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினத்தைத் தணிப்பதற்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகின்றது. களவு செய்தவன் ஒருவன். உயிர் கொடுத்தவர் ஆயிரவர். அவர்கள் செய்த குற்றம் அவனோடு ஒரே தொழிலில் பிறந்தமையே. கோவலனைக் கேளாமல் கொன்ற முதல் பிழைக்குப் பரிகாரமாக, ஆயிரவரைக் கேளாமல் கொன்ற பிழை நிகழ்கின்றது. கோவலனுக்காக அழும் நாம் அந்த ஆயிரவருக்காக அழுவதில்லை. குற்றம் தனிமனிதனுக்கு உரியது. சாதிக்கோ சமயத்திற்கோ தொழிலுக்கோ ஊருக்கோ உரியதன்று என்னும் இன்றைய சட்ட நெறியின் அருமையை இப்பகுதி நமக்கு உணர்த்துகின்றது.

நாம் ஆளும் சொற்கள்

தமிழ் பயில்வோர்க்கு இத்துறையில் தனிக் கடமை ஒன்று உண்டு. தமிழக நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரை எதிரி என்று எழுதுகின்றனர். வழக்கின் எதிர்த்தரப்பினர் என்பதே சட்ட வழக்கில் அதன் பொருள்; கேட்பவர் செவியிலோ அது பகைவன் என ஒலிக்கின்றது. தீர்ப்புக்கு முன்பே அவர் நிற்கும் இடத்தைக் குற்றவாளிக் கூண்டு என்கின்றோம். விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்னும் வேறுபாடு பேச்சில் மறைந்து இருவரும் கைதி ஆகின்றனர். கைதான அன்றே குற்றவாளி பிடிபட்டார் என்று செய்தி வருகின்றது. விடுதலையானாலோ வழக்கிலிருந்து தப்பினார் என்று எழுதப்படுகின்றது. முதல் சொல் தீர்ப்புக்கு முன்னரே தண்டிக்கின்றது. பின்னைய சொல் தீர்ப்புக்குப் பின்னரும் தண்டிக்கின்றது.

குற்றஞ்சாட்டப்பட்டவர், ஐயத்திற்குரியவர், விசாரணையில் உள்ளவர், குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவர் என்று நிலைக்கேற்ற சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை இடமறிந்து ஆளுதல் இலக்கண ஒழுங்கு மட்டுமன்று; அறமுமாகும்.

முடிவுரை

உரிமைகள் ஏட்டில் இருப்பதால் மட்டும் பயனில்லை. அறிந்தவர் அறியாதவர்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். காவலில் உள்ள எவரும், வருவாய் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இதற்கான ஆணைக்குழு இயங்குகின்றது. 15100 என்னும் எண்ணிலும் உதவி கோரலாம். உறவினர் ஒருவர் கைதானால் கலங்கி நிற்கும் குடும்பம் கேட்க வேண்டியவை சிலவே: கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா? கைதுக் குறிப்பில் சான்றொப்பம் உள்ளதா? மருத்துவச் சோதனை நடந்ததா? 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தப்பட்டாரா? வழக்குரைஞர் உடன் இருக்கின்றாரா?

ஊர்ப் பெரியோர் இவ்வினாக்களை மனத்தில் கொள்வாராக. மாணவர் இவற்றைத் தம் இல்லங்களில் எடுத்துரைப்பாராக. அண்டை வீட்டார் ஒருவர்மேல் பழி எழும்போது, அவர் சொல்லையும் கேட்டபின் பேசுவோம் என்று ஒருவரேனும் கூறும் ஊரில் நீதி வாழும்.